ரப்பர் மறுநடவு உதவி (பேராக்)

மலேசியாவில் ரப்பர் சிறு தோட்டக்காரர்கள் பழைய பால்மரங்களை அழித்துப் புதிய கன்று நட அரசு தரும் உதவி. 1952இல் மறுநடவு நிதிச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் ரப்பர் மீது வசூலித்த தீர்வையே இதன் முதல். 1973 ஜனவரி 1 முதல் ரப்பர் சிறு தோட்டக்காரர் மேம்பாட்டு ஆணையமான ரிஸ்டா இப்பொறுப்பை ஏற்றது. 40 ஹெக்டேருக்குக் குறைவான நிலம் வைத்திருப்பவரே சிறு தோட்டக்காரர்.

கன்று பால்வெட்டுக்குத் தயாராக 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த நிலத்தில் பால் வருமானம் இல்லை. அதனால்தான் உதவி ஒரே தொகையாக வராமல், கன்று, உரம், பணம் எனத் தவணைகளில், தோட்டத்தைப் பார்வையிட்ட பிறகு வருகிறது. மண் காப்பும் வேலையின் பகுதியே: சரிவில் படித்தட்டு வெட்டி, மரவரிசைகளுக்கு இடையே பியூராரியா போன்ற மூடுகொடிகளைப் படரவிடுவார்கள். மழையில் மண் அரிக்காமல் அது காக்கும், நைட்ரஜனும் சேர்க்கும்.

ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங் வட்டாரத்திலும் பேராக்கின் பிற தோட்டப்புறங்களிலும் பால் வெட்டிய தமிழர்களில் பெரும்பாலோருக்கு இந்த உதவி எட்டவில்லை. நிலம் இருந்தால்தான் மானியம். அவர்களிடம் பட்டா இல்லை. இது பெரிய அநீதி என்றே சொல்ல வேண்டும். பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கியது அச்சங்கம்.