கிதாரும் பறையும்: "சாத்தானின் இசை" என்று பெயர் வாங்கியவர்களின் கதை

வருடம் 1986. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஒரு ஹெவி மெட்டல் குழு மேடையில் நிற்கிறது. தோளுக்குக் கீழே தொங்கும் முடி, கண்ணுக்கு மை, மஞ்சளும் கறுப்பும் வரி வரியாகப் போட்ட இறுக்கமான உடை. கிதார் சத்தத்தில் காது அடைக்கிறது. நடுவில் அவர்கள் கூட்டத்தை நோக்கி எதையோ அள்ளி வீசுகிறார்கள். ரசிகர்கள் எகிறிப் பிடிக்கிறார்கள். பார்த்தால்... புதிய ஏற்பாடு!

குழுவின் பெயர் ஸ்ட்ரைப்பர். ஏசாயா 53:5ல் 'தழும்புகள்' என்று வருகிறதல்லவா, அதற்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து எடுத்த பெயர். அந்த வருடம் வெளிவந்த அவர்களுடைய 'டு ஹெல் வித் தி டெவில்' ஆல்பம் அமெரிக்காவில் 10 லட்சம் பிரதிகளைத் தாண்டி பிளாட்டினம் ஆனது. ரசிகர்கள் கொண்டாடினார்கள். பிரசங்கியார்கள் பலர் திட்டித் தீர்த்தார்கள். சாத்தானின் இசையில் சாமி பாட்டா என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

இது ஏதோ அமெரிக்காக்காரர்களின் பிரச்சினை என்று நினைத்தால் தப்பு. இதற்கு 150 வருடம் முன்பே தஞ்சாவூரில் ஏறக்குறைய இதே சண்டை நடந்திருக்கிறது. இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். வாத்தியத்தின் மேல் வருகிற கோபம் பல சமயம் அதை வாசிக்கிற ஆட்களின் மேல் வருகிற கோபம்தான்.

முதலில் அமெரிக்கக் கதை.

ஹிப்பிகள் சர்ச்சுக்கு வந்தபோது

1960களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் ஹிப்பி இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக இயேசுவின் பக்கம் திரும்பினார்கள். 'ஜீசஸ் மூவ்மெண்ட்' என்று இதற்குப் பெயர். பழைய வாழ்க்கையில் பலதை விட்டார்கள். கிதாரை மட்டும் விடவில்லை.

இந்த அலையின் முதல் பெரிய பெயர் லாரி நார்மன். 'பீப்பிள்!' என்ற ராக் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். 1969ல் கேபிடல் நிறுவனம் வெளியிட்ட அவருடைய 'அப்பான் திஸ் ராக்' ஆல்பத்தைத்தான் கிறிஸ்தவ ராக்கின் தொடக்கம் என்று பலரும் சொல்வார்கள். அது சரியாக விற்கவில்லை. சர்ச் ஆட்களுக்கு அது ரொம்ப ராக், ராக் ஆட்களுக்கு அது ரொம்ப சர்ச். 1972ல் வந்த 'ஒன்லி விசிட்டிங் திஸ் பிளானெட்'டில் நல்ல இசை எல்லாம் ஏன் சாத்தானுக்கே போக வேண்டும் என்று ஒரு பாட்டில் நேரடியாகவே கேட்டுவிட்டார். சில கடைகள் அடுக்கவே யோசித்த இசை அது. ஆனால் அதே ஆல்பம் பின்னாளில் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம் பிடித்தது. நார்மன் 2008ல் இறந்தார். பட்டியலில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

1972 ஜூனில் டல்லஸ் நகரில் 'எக்ஸ்ப்ளோ 72' என்ற பெரிய கூட்டம் நடந்தது. ஜானி கேஷ், லாரி நார்மன், 'லவ் சாங்' குழு எல்லோரும் அங்கே பாடினார்கள். கடைசி நாள் இசை நிகழ்ச்சிக்கு வந்த கூட்டம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. கிறிஸ்தவ ராக்கைக் கேட்க ஆள் இருக்கிறது என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்து போனது.

மூன்று குழு, மூன்று வழி

அதே 1972ல் இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்னில் பெட்ரா தொடங்கியது. கிரேக்க மொழியில் பெட்ரா என்றால் பாறை. ஆங்கிலத்தில் ராக்! பாப் ஹார்ட்மன் என்ற கிதார் கலைஞர் ஆரம்பித்த குழு. 1974ல் முதல் ஆல்பம் வந்தபோது அதை விற்கக் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளே தயங்கின. 20 வருடம் கழித்துப் பார்த்தால் கதையே வேறு. 'பியாண்ட் பிலீஃப்' ஆல்பத்துக்கு கிராமி விருது. 2000ல் காஸ்பல் மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்த முதல் ராக் குழு என்ற பெருமை.

சிகாகோவின் ரிசரக்‌ஷன் பேண்ட் போனது வேறு வழி. இந்தக் குழுவினர் ஒரு கூட்டுக் குடியிருப்பில் வாழ்ந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பணப்பை. யார் சம்பாதித்தாலும் அதில்தான் விழும். சொர்க்கத்தைப் பற்றி மட்டும் பாடாமல் தென்னாப்பிரிக்க நிறவெறியைப் பற்றியும், நகரத்து ஏழைகளைப் பற்றியும் பாடினார்கள். அதுவும் 1970களின் கடைசியிலேயே.

மூன்றாவது கீத் கிரீன். இவர் குழு இல்லை, தனி ஆள். பியானோவோடு பாடுகிறவர். காமர்ஸ் மாணவர்கள் இவருடைய கணக்கைக் கட்டாயம் படிக்க வேண்டும் :-) நற்செய்தியை விலை வைத்து விற்கக் கூடாது என்று முடிவு செய்து கம்பெனி ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்தார். வீட்டை அடமானம் வைத்து அடுத்த ஆல்பத்தைத் தயாரித்தார். 1980ல் வந்த அந்த ஆல்பத்துக்கு விலை? வாங்குகிறவர் எவ்வளவு கொடுக்க முடியுமோ அவ்வளவு. முடியாதவர்களுக்கு இலவசம். 1982 மே மாதத்துக்குள் 2 லட்சம் பிரதிகளுக்கு மேல் அனுப்பியிருந்தார்கள். அதில் 61,000 இலவசமாகவே போனது. அந்த ஜூலையில் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 28.

திட்டியவர் யார்?

ஸ்ட்ரைப்பரைக் கடுமையாகத் தாக்கியவர்களில் முக்கியமானவர் டி.வி. பிரசங்கியார் ஜிம்மி ஸ்வாகர்ட். கிறிஸ்தவ ராக்கை எதிர்த்து 1987ல் ஒரு புத்தகமே போட்டார். இதில் ஒரு வேடிக்கை. ஸ்ட்ரைப்பரின் ஸ்வீட் சகோதரர்கள் சின்ன வயதில் விசுவாசத்துக்கு வந்ததே ஸ்வாகர்ட்டின் டி.வி. நிகழ்ச்சியைப் பார்த்துத்தான்! இன்னொரு வேடிக்கை, ராக் அண்ட் ரோலின் ஆரம்ப கால நட்சத்திரம் ஜெர்ரி லீ லூயிஸ் ஸ்வாகர்ட்டுக்கு நெருங்கிய உறவுக்காரர்.  இருவரும் ஒரே ஊரில், ஒரே மாதிரி சர்ச் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

அப்படியானால் ராக் எங்கிருந்து வந்தது? ஒரு பெரிய பங்கு சர்ச்சிலிருந்தே வந்தது. அதுவும் கறுப்பின மக்களின் சர்ச்சிலிருந்து. சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்ற கறுப்பினப் பெண் 1930களிலும் 40களிலும் எலெக்ட்ரிக் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு காஸ்பல் பாடினார். 1944ல் அவர் பதிவு செய்த ஒரு காஸ்பல் பாட்டை முதல் ராக் அண்ட் ரோல் பதிவு என்று சொல்கிறவர்களும் உண்டு. அவருக்கு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது 2018ல். அதாவது இறந்து 45 வருடம் கழித்து.

1956ல் அலபாமாவில் ஆசா கார்ட்டர் என்ற இனவெறியர் ராக் அண்ட் ரோலைத் தடை செய்யச் சொல்லி ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் கறுப்பர்களின் இசை கெடுக்கிறது என்பதே அவர் வாதம். பின்னால் வந்த பிரசங்கியார்கள் எல்லோரும் இனவெறியர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தாளமே கெட்டது, காட்டுத்தனமானது என்ற பேச்சு எங்கே முளைத்தது என்று தேடினால் வழி இங்கேதான் வந்து சேரும்.

இனி நம்ம ஊர்

வேதநாயகம் சாஸ்திரியார் 1774ல் திருநெல்வேலியில் பிறந்தவர். சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜி அவருடன் படித்தவர். சாஸ்திரியார் கர்நாடக ராகங்களில் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதினார். 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். குறவஞ்சி என்பது கோயிலிலும் அரண்மனையிலும் ஆடிப் பாடிய நாடக வடிவம். அன்றைய ஐரோப்பியக் காதுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும்? 1972ல் ஒரு வயதான பாஸ்டருக்கு எலெக்ட்ரிக் கிதார் கேட்ட மாதிரிதான்.

1820களின் இறுதியில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகள் இதற்கெல்லாம் தடை போட்டார்கள். ஆராதனையில் தமிழ்ப் பாட்டுகள் கூடாது, பண்டிகைக்குப் பூ கூடாது. சாஸ்திரியார் பணியவில்லை. பக்கம் பக்கமாக எதிர்ப்பு எழுதினார். வேலையும் போனது. ஆனால் 1853ல் எட்வர்ட் வெப் என்ற அமெரிக்க மதுரை மிஷன் ஊழியர் தமிழ்க் கீர்த்தனைகளைத் திரட்டிப் புத்தகமாகவே அச்சிட்டார். அதில் பெரும்பங்கு சாஸ்திரியாருடையது. 25 வருடத்துக்குள் தடைப் பாட்டு சபைப் பாட்டாகிவிட்டது! இன்றைக்கு கோவையில் எந்த சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குப் போனாலும் பாமாலையோடு கீர்த்தனையும் பாடுவார்கள். அதை அந்நியம் என்று யாரும் சொல்வதில்லை.

இதோடு கதையை முடித்தால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் பாதிக் கதைதான் சொன்னதாகும். அதே மிஷனரிகள் இன்னொன்றையும் எதிர்த்தார்கள். ஆலயத்துக்குள் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காருவதை. சாஸ்திரியார் வேளாளர். அவர் தமிழ்ப் பாட்டுக்காக எவ்வளவு வாதாடினாரோ அவ்வளவு அந்தத் தனி இருக்கைக்காகவும் வாதாடினார். அதாவது கர்நாடக ராகத்துக்குக் கதவு திறந்தது. பறைக்குத் திறக்கவில்லை.

வாளையாருக்கு அந்தப் பக்கம்

கிதாருக்கு என்ன ஆனது? கோவையிலிருந்து வாளையார் தாண்டினால் கேரளம். அங்கே 1985ல் வேர்விட்ட 'ஜீசஸ் யூத்' என்ற கத்தோலிக்க இளைஞர் இயக்கத்திலிருந்து 'ரெக்ஸ்பேண்ட்' வந்தது. டிரம்ஸ், கிதார், கீபோர்டு எல்லாம் உண்டு. 2002ல் டொராண்டோ உலக இளைஞர் தினத்தில் இந்தக் குழு பாடியது. அதில் கீபோர்டு வாசித்த ஸ்டீபன் தேவஸ்ஸி பாலக்காடு மாவட்டத்து ஒற்றப்பாலத்துக்காரர். அதே குழுவோடு பாடிய இன்னொருவர் அல்போன்ஸ் ஜோசப். பெயர் தெரியாவிட்டாலும் குரல் எல்லோருக்கும் தெரியும். 2010ல் 'விண்ணைத்தாண்டி வருவாயா' படத்தில் ரஹ்மான் இசையில் 'ஆரோமலே' பாடியவர் இவர்தான்!

அங்கே கிதாருக்கு யாரும் பேயோட்டவில்லை. தமிழ்நாட்டிலும் கீபோர்டும் டிரம்ஸும் வைக்காத சபையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காரணம் எளிது. நம் ஊரில் கிதார் என்பது வசதியின் அடையாளம். ஆங்கிலத்தின் அடையாளம். அதை வாசிப்பவரை யாரும் ஊருக்கு வெளியே நிறுத்தவில்லை.

உள்ளே வரக் காத்திருந்த வாத்தியம்

ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வாத்தியம் பறை. கொங்குப் பக்கத்தில் தப்பட்டை என்பார்கள். சாவு வீட்டுக்கும் கோயில் நோன்பிக்கும் அது வேண்டும். அடித்தவருக்கு மட்டும் வாசலோடு சரி. தலித் மக்களில் கிறிஸ்தவர்களானவர்கள் பலர் இந்த இழிவே வேண்டாம் என்று தாங்களாகவும் பறையைக் கீழே வைத்தார்கள். அவர்கள் வலி அப்படி.

அதைத் திரும்ப எடுக்கச் சொன்னவர் தியோபிலஸ் அப்பாவு. 1940ல் பிறந்து 2005ல் மறைந்தவர். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பேராசிரியர். மாணவர்களுக்குப் 'பறட்டை அண்ணன்'. கர்நாடகக் கீர்த்தனையில் மேல்சாதி வாசனை இருக்கிறது, மேற்கத்திய பாமாலையில் வெள்ளைக்கார வாசனை இருக்கிறது, உழைக்கிற சனங்களின் பாட்டு எங்கே என்று கேட்டார். நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில், பறையோடு ஒரு முழு ஆராதனை முறையையே உருவாக்கினார். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா என்ற கன்னியாஸ்திரீ தொடங்கிய 'சக்தி' கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைக் கையில் எடுத்து ஆடினார்கள். ஆண்கள் மட்டுமே தொட்டிருந்த வாத்தியம் அது.

லாரி நார்மன் எதிர்கொண்டது பெரும்பாலும் முகச்சுளிப்பு. பெட்ரா இழந்தது கொஞ்சம் விற்பனை. பறை எதிர்கொண்டது பல நூற்றாண்டுத் தீட்டு. இதனால்தான் கிறிஸ்தவ ராக்கின் உண்மையான தமிழ்ச் சொந்தம் கிதார் குழு இல்லை, பறட்டை அண்ணனின் பறைதான் என்று தோன்றுகிறது. ரோசெட்டா தார்ப்பின் கிதாரும் இதுவும்தான் ஒரே சாதி.

கேட்க விருப்பமுள்ளவர்கள் இப்படிக் கேட்டுப் பாருங்கள். முதலில் ரோசெட்டா தார்ப், பிறகு லாரி நார்மன், அப்புறம் ரிசரக்‌ஷன் பேண்ட், கடைசியாக நல்ல ஒரு பறைக் குழு. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, தாளம் எல்லோருக்கும் பொது. கேட்டு முடித்த பிறகு உங்கள் ஊர் ஆலயத்திலோ கோயிலிலோ எந்த வாத்தியம் உள்ளே இருக்கிறது, எது இன்னும் வாசலில் நிற்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். அதை வாசிக்கிறவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்து.