இடக்கைக்கு ஒரு பிடி



இவ்வலைப்பதிவில் இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாறு ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் எழுதி வருகின்றேன். இன்று துப்பாக்கியின் வரலாற்றை எழுத முற்பட்டிருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது நம் நாட்டில் மிகக் கடுமையான குற்றம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆதலால் இது வாங்குவோருக்கான வழிகாட்டி அன்று. என்னிடம் படித்த மாணவர் ஒருவர் கேட்ட கேள்விக்கு விடை தேடியபோது நான் கற்றுக்கொண்ட பாடம் இது.

அம்மாணவர் இப்பொழுது நியூசிலாந்தில் குடியேறி வாழ்கின்றார். அந்நாட்டில் துப்பாக்கிக் கழகத்தில் உறுப்பினராகிப் பயிற்சி பெற்ற பின்னரே கைத்துப்பாக்கிக்கு உரிமம் பெற இயலும். அவ்வாறு சேர்ந்த அவர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். "ஐயா, இலக்குச் சுடுதலுக்காக .22 அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். வகைகளோ பல. நீங்கள்தாம் எதையும் அதன் வரலாற்றிலிருந்து தொடங்கச் சொல்வீர்களே! இதற்கும் வரலாறு உண்டா?" என்று கேட்டிருந்தார். மடலின் இறுதியில் ஒரு வரி: "இடக்கைக்காரர்களுக்கென்றே தனிப் பிடி செய்து தருகிறார்களாம், ஐயா."

அந்த ஒரு வரி என்னை உறங்க விடவில்லை. காரணத்தைப் பிறகு கூறுகின்றேன். முதலில் வரலாறு.

கூடத்தில் பிறந்த விளையாட்டு

.22 என்பது தோட்டாவின் விட்ட அளவைக் குறிக்கும். ஓர் அங்குலத்தில் நூற்றில் இருபத்திரண்டு பங்கு. இவ்வகைத் தோட்டாவை ரிம்ஃபயர் என்பர். பெரிய தோட்டாக்களில் தீப்பற்றவைக்கும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் தனிச் சிமிழில் இருக்கும். ரிம்ஃபயர் தோட்டாவிலோ அது பித்தளைக் கூட்டின் விளிம்பு மடிப்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பைத் தாக்கியதும் மருந்து பற்றிக்கொள்ளும்.

1845ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லூயி நிக்கோலா ஃபுளோபேர் என்பவர், வெடிமூடி ஒன்றில் சிறு ஈயக்குண்டைப் பொருத்தி இதற்கு வித்திட்டார். அது போருக்காகச் செய்யப்பட்டது அன்று; வீட்டுக் கூடத்தில் இலக்கு வைத்துச் சுட்டு மகிழ்வதற்காகச் செய்யப்பட்டது. 1857இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் .22 ஷார்ட் தோட்டாவையும் அதற்கான சுழல் துப்பாக்கியையும் வெளியிட்டது. 1887இல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் .22 லாங் ரைஃபிள் தோட்டாவை உருவாக்கியது. இன்றும் உலகெங்கும் புழங்குவது இதுவே. இதன் குண்டு ஏறத்தாழ 2.6 கிராம் எடையே உடையது. பின்னுதைப்பு குறைவு, ஓசை குறைவு, விலையும் குறைவு. புதிதாகப் பழகுவோர் அதிர்ச்சிக்கு அஞ்சிக் கண்களை மூடிக்கொள்ள மாட்டார்கள் என்பதே இதன் முதற்பெருமை.

தானே தோட்டா ஏற்றும் துப்பாக்கி

அரைத்தானியங்கி என்றால் விசையை ஒருமுறை இழுக்க ஒரு குண்டுதான் வெளிப்படும். ஆயினும் வெற்றுக்கூட்டை வெளியே தள்ளுவதும் அடுத்த தோட்டாவை ஏற்றுவதும் வெடிப்பின் விசையாலேயே நடைபெறும். புகழ்பெற்ற துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் மோசஸ் பிரௌனிங் இயற்றிய .22 இலக்குத் துப்பாக்கியை 1915இல் கோல்ட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1927இல் அதற்கு 'வுட்ஸ்மேன்' என்னும் பெயர் சூட்டப்பட்டது. 1977 வரை அது உற்பத்தியில் இருந்தது.

அடுத்த திருப்பம் 1949. வில்லியம் ரூகர், அலெக்சாண்டர் ஸ்டர்ம் என்னும் இருவர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சிறு தொழிற்கூடம் தொடங்கினர். முதலீடு 50,000 டாலர். ரூகர், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க மரைன் படைவீரர் ஒருவரிடமிருந்து ஜப்பானிய நம்பு கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கி ஆராய்ந்திருந்தார். மலாயாவில் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அவர்களுடைய அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியதும் அந்த நம்பு இனந்தான். நம் முன்னோர் அஞ்சிய ஒரு படைக்கருவியின் உள்ளமைப்பு, சில ஆண்டுகளிலேயே ஒரு விளையாட்டுக் கருவிக்குள் புகுந்துகொண்டது.

ரூகரின் துப்பாக்கியில் மேற்பகுதி முழுவதும் முன்னும் பின்னும் ஓடுவதில்லை. உருளை வடிவமான ஒரு தண்டு மட்டும் உட்புறத்தில் ஓடும். குழலும் குறிகாட்டிகளும் அசையாமல் நிற்கும். உடற்பகுதியைத் தகட்டில் அச்சடித்து இரு பாதிகளாக ஒட்டவைத்தமையால் செலவும் குறைந்தது. விலை 37.50 டாலர். இந்நிறுவனத்தின் வளர்ச்சிக்கு அடித்தளம் இட்டது இத்துப்பாக்கியே. ஸ்டர்ம் 1951இல் இளமையிலேயே மறைந்தார். பிடியில் பொறித்திருந்த செந்நிறப் பறவைச் சின்னம் அவர் நினைவாகக் கருநிறமாக மாற்றப்பட்டது.

இதில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். 1949ஆம் ஆண்டுத் துப்பாக்கியின் பாதுகாப்புப் பொத்தான் இடப்பக்கத்தில் அமைந்திருந்தது. வலக்கையால் பிடிப்பவரின் பெருவிரல் அங்கே எளிதாகச் செல்லும். இடக்கையால் பிடிப்பவருக்கோ தொல்லை. அதே மரபில் 2016இல் வெளிவந்த 'மார்க் 4' வகையில்தான் இரு பக்கமும் இயக்கத்தக்க பொத்தானைக் காண்கின்றோம். இடையில் கழிந்தவை 67 ஆண்டுகள்.

பார்வையற்றவரும் கை சிதைந்தவரும்

சோவியத் நாட்டில் மிகையில் மார்கோலின் என்பவர் 1924இல், தம் பதினெட்டாம் வயதில், தலையில் பட்ட காயத்தால் பார்வையை முற்றிலும் இழந்தார். விரல்களால் தடவித் தடவியே துப்பாக்கிகளின் உறுப்புகளைக் கற்றார். களிமண், மரம் போன்றவற்றால் மாதிரிகளைச் செய்து தம் எண்ணங்களைப் பொறியாளர்களுக்கு விளக்கினார். 1940களின் இறுதியில் அவர் வடிவமைத்த .22 இலக்குத் துப்பாக்கி 1950களில் சோவியத் வீரர்களின் கைகளில் பன்னாட்டுப் போட்டிகளுக்குச் சென்றது. அதன் பின்குறிகாட்டி அசையாத ஒரு பாலத்தின்மேல் அமர்ந்திருக்கும். ஓடும் பகுதி அதற்கடியில் ஓடும். குறி பார்க்கவே இயலாத மனிதர், பிறர் குறி பார்ப்பதற்கு அசையாத இடம் அமைத்துக் கொடுத்தார்.

மற்றொருவர் அங்கேரி நாட்டின் கரோலி டகாச். 1910இல் பிறந்தவர், படைவீரர். 1936ஆம் ஆண்டு ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. திறமைக் குறைவு காரணமன்று. அவர் சார்ஜண்ட் மட்டுமே. அதிகாரிகளுக்கே அணியில் இடம் என்னும் விதி இருந்தது. 1938இல் படைப் பயிற்சியின்போது கையெறிகுண்டு வெடித்து அவருடைய வலக்கை சிதைந்தது. அவர் சுடும் கை அதுதான். மருத்துவமனையிலிருந்து திரும்பியவர், எவரிடமும் கூறாமல் இடக்கையால் பழகத் தொடங்கினார். 1939இல் அங்கேரியின் தேசிய வாகையாளர் ஆனார்.

போரின் காரணமாக 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. 1948இல் இலண்டன் போட்டிக்கு வந்தபோது அவருக்கு வயது 38. அவர் கலந்துகொண்டது 25 மீட்டர் விரைவுச் சுடுதல். ஐந்து இலக்குகள் ஒரே வரிசையில் நிற்கும். ஒவ்வோர் இலக்குக்கும் ஒரு குண்டாக ஐந்து குண்டுகளையும் 8 வினாடிகளிலும், பின்னர் 6 வினாடிகளிலும், பின்னர் 4 வினாடிகளிலும் சுட வேண்டும். நான்கு வினாடிகளில் ஐந்து முறை! தானே தோட்டா ஏற்றும் அமைப்பும் உதைப்புக் குறைந்த .22 தோட்டாவும் இல்லாவிடில் இப்போட்டியை எண்ணிப் பார்க்கவும் இயலாது. அதுவும் ஒற்றைக் கையை நீட்டியே சுட வேண்டும்.

அப்போதைய உலக வாகையாளர் அர்ஜென்டினாவின் சாயன்ஸ் வாலியெண்டே, போட்டிக்கு முன் டகாச்சைக் கண்டு எதற்காக வந்தீர்கள் என்று வினவினாராம். கற்றுக்கொள்ள வந்தேன் என்றாராம் டகாச். முடிவில் டகாச் பெற்றவை 580 புள்ளிகள், உலக சாதனை. வாலியெண்டே பெற்றவை 571. நீங்கள் போதிய அளவு கற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று வெள்ளி வென்றவர் தங்கம் வென்றவரிடம் கூறினார் என்பது பரவலாக வழங்கும் செய்தி. 1952இல் ஹெல்சிங்கியிலும் டகாச் தங்கம் வென்றார். 1956இல் மெல்பர்னில் எட்டாமிடம். மலாயா முதன்முதலாகப் பங்கேற்ற ஒலிம்பிக் அதுவே.

தேர்ந்தெடுப்பது எப்படி?

இவற்றையெல்லாம் தொகுத்து என் மாணவருக்கு எழுதினேன். வரலாறு காட்டும் வழி எளியது.

1. விலையையும் அழகையும் பின்னர்ப் பார்க்க. முதலில் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். மணிக்கட்டை வளைக்காமலே குறிகாட்டிகள் கண்ணுக்கு நேராக வர வேண்டும்.

2. விசை, தயக்கமின்றி ஒரே சீராக விடுபட வேண்டும். விசை கரடுமுரடாக இருப்பின் நல்ல குழலாலும் பயனில்லை.

3. ரிம்ஃபயர் தோட்டாவின் விளிம்பு துருத்திக்கொண்டிருப்பதால் தோட்டாக்கூட்டில் அவை சிக்கிக்கொள்வதுண்டு. வலுக்குறைந்த தோட்டா, ஓடும் பகுதியை முழுமையாகத் தள்ளாமலும் போகும். ஆகவே பலவகைத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து, அத்துப்பாக்கிக்கு ஒத்துப்போவதைக் கண்டறிய வேண்டும்.

4. கழற்றித் துடைப்பதற்கு எளியதா என்று கேட்க வேண்டும். ரூகரின் பழைய வகைகளை மீண்டும் பூட்டுவது பலருக்குப் பெருஞ்சோதனை.

5. கழகத்திலுள்ள துப்பாக்கிகளைப் பல வாரங்கள் சுட்டுப் பழகிய பின்னரே சொந்தமாக வாங்க வேண்டும்.

ஆறாவதாக எழுத வேண்டியது இடக்கையைப் பற்றி. அங்கேதான் என் விரல்கள் தட்டச்சுப் பலகையில் நின்றுவிட்டன.

1996ஆம் ஆண்டு. இரண்டாம் ஆண்டு வகுப்பில் அம்மாணவர் என் முன் அமர்ந்திருந்தார். இடக்கையால் எழுதுவார். எழுத எழுத, கை ஈர மையைத் துடைத்துச் செல்லும். ஏடு முழுவதும் கறை. பெற்றோர் சந்திப்பு நாளில் அவருடைய தாயார், "வீட்லயும் சொல்லிப் பார்த்துட்டோம் ஐயா, பீச்சாங்கையாலயே எழுதறான். நீங்கதான் மாத்தணும்" என்றார். நானும் அதைக் கடமையாகவே எடுத்துக்கொண்டேன். இடக்கையில் பென்சிலைக் காணும்போதெல்லாம் அடிக்கோலால் விரலில் தட்டினேன். ஆண்டிறுதிக்குள் அவர் வலக்கையால் எழுதினார். நான் வெற்றி பெற்றதாக எண்ணினேன். அதுவரை பக்கம் பக்கமாகக் கதை எழுதியவர், அதன் பிறகு நான்கு வரிகளோடு நிறுத்திக்கொண்டதை நான் பெரிதாக எண்ணவில்லை.

டகாச்சின் கதையைக் காலைச் சபைகூடலில் எத்தனை முறை கூறியிருப்பேன்! இடக்கையால் உலகை வென்றவர் என்று மாணவர்களைக் கைதட்டச் செய்திருக்கின்றேன். அக்கூட்டத்தில் நின்ற ஒரு சிறுவனின் இடக்கையை நானே முடக்கியிருந்தேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. துப்பாக்கி செய்வோர்கூட வலக்கைக்கு ஒரு பிடி, இடக்கைக்கு ஒரு பிடி என்று மரத்தைச் செதுக்கித் தருகின்றனர். ஆசிரியனாகிய நான் கையைச் செதுக்க முனைந்தேன்.

ஆறாவது வரியாக இதை எழுதினேன்: "இடக்கைப் பிடியையே தேர்ந்தெடுங்கள். அன்று நான் செய்தது தவறு. என்னை மன்னியுங்கள்."

இரண்டு நாள்கள் கழித்து விடை வந்தது. "ஐயா, பழைய கதை. ஆனாலும் பிடியை இடக்கைக்கே வாங்கிவிட்டேன். முதல் நாள் இலக்குத் தாளை வீட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தார். மன்னித்துவிட்டேன் என்று அவர் எழுதவில்லை. அதைக் கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

இப்பொழுது என் வகுப்பில் இடக்கை மாணவர் இருவர் உள்ளனர். வரிசையின் இடக்கோடியில் அமர வைத்திருக்கின்றேன். பக்கத்து மாணவரின் முழங்கை அவர்களை இடிக்காது. ஏட்டைச் சற்றே வலப்புறமாகச் சாய்த்து வைக்கப் பழக்கியிருக்கின்றேன், கறை குறைந்திருக்கின்றது. கைவேலைப் பாடத்துக்கு இடக்கைக் கத்தரிக்கோல் இரண்டு வாங்கினேன். நாளை உங்கள் வகுப்பிலும், உங்கள் வீட்டு உணவு மேசையிலும், எந்தப் பிள்ளை எந்தக் கையை நீட்டுகின்றது என்று ஒருமுறை பாருங்கள்.