எழுபத்து நாலரையும் மால்புவாவும்

கல்கத்தா வந்து மூணு வருஷம் ஆச்சு. (2001-லேயே கொல்கத்தான்னு பெயர் மாத்திட்டாங்க. என் வாயில வர்றது இன்னும் கல்கத்தாதான்.) ஆபீஸ்ல நான் வங்காளம் பேச வாயைத் திறந்தா, நாலு பேர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவாங்க. இலவச காமெடி! அதனால இந்தியிலயே காலத்தை ஓட்டிக்கிட்டிருந்தேன்.

லேக் மார்க்கெட் பக்கம் மாடியில் குடியிருக்கேன். கீழே வீட்டுக்காரம்மா, மாஷிமான்னு கூப்பிடுவேன், நம்ம ஊர் சித்தி மாதிரி. மழை பெய்த ஒரு ஞாயித்துக்கிழமை, "ஷாரே சுவாத்தர் பார்த்திருக்கியா?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னேன். "அப்புறம் மூணு வருஷமா இந்த ஊர்ல என்னதான் பண்றே?"ன்னு டிவி முன்னாடி உட்கார வச்சுட்டாங்க.

1953-ல் வந்த படம். இயக்கம் நிர்மல் டே. பெயருக்கு அர்த்தம் எழுபத்து நாலரை. நாம பிள்ளையார் சுழி போடுவோமில்லையா, அந்தக் காலத்து வங்காளத்தில் அந்தரங்கக் கடிதம்னா மேலே 74½ன்னு போடுவாங்களாம். வேற யாரும் பிரிச்சுப் படிச்சா பாவம் சேரும்னு அர்த்தம். 1568-ல் சித்தூர்க் கோட்டை அக்பரிடம் விழுந்தப்போ, இறந்தவர்களோட பூணூல் மட்டும் எழுபத்து நாலரை மணங்கு இருந்ததுன்னு ஒரு கதை. அந்தப் பாவம் பிரிக்கிறவனைச் சேரட்டும்னு சாபம். அத்தனை பயங்கரமான எண்ணைக் கொண்டுவந்து ஒரு காமெடிப் படத்துக்குத் தலைப்பா வச்சிருக்காங்க!

கதை நடக்கிறது ஒரு 'மெஸ்'ஸில். நம்ம திருவல்லிக்கேணி மேன்ஷனோட அண்ணன்னு வச்சுக்குங்க. கிராமத்திலிருந்து வேலைக்கு வந்த ஆண்கள் ஆளுக்கொரு கட்டில் போட்டு, ஒரே சமையல்காரர் கையால் சாப்பிட்டு வாழ்ற இடம். ஹாரிசன் ரோடு பக்கமெல்லாம் அந்தக் காலத்தில் மெஸ் நிறைய. அப்படி ஒரு இடத்துக்கு, இருக்க வீடில்லாத ஒரு குடும்பம் பெண்ணோட வந்து தங்குது. பெண் சுசித்ரா சென், பையன் உத்தம் குமார். பின்னாளில் வங்காளத்தையே ஆட்டி வச்ச ஜோடி. முதல் ஜோடிப் படம் இதுதான். ஆனா படம் அவங்களோடது இல்லை. முதலாளியா வர்ற துளசி சக்ரவர்த்தியோடது. காதல் கடிதம் தவறி அவர் சட்டைப் பையில் சிக்க, ஊரிலிருக்கும் மனைவி (மலினா தேவி) அதைப் பார்த்துட்டு வீட்டை ரெண்டாக்கறாங்க. மனுஷர் ஒரு இடத்திலயும் தமாஷ் பண்ணலை. உலகமே தன்மேல இடிஞ்சு விழுந்தா மாதிரி சீரியஸா இருக்கார், நாம வயித்தைப் பிடிச்சுக்கறோம். 1958-ல் சத்யஜித் ராய் 'பரஷ் பாத்தர்' படத்துக்கு இவரைத்தான் நாயகனாகப் போட்டார்.

பாட்டும் உண்டு. சியாமல் மித்ரா, மானபேந்திர முகர்ஜி மாதிரி நிஜப் பாடகர்களே மெஸ்வாசிகளா வந்து, அந்தப் பெண்ணைப் பார்த்துக் கும்பலாப் பாடுவாங்க.

கதையை எழுதினவர் பிஜன் பட்டாச்சார்யா. 1943 பஞ்சத்தை வச்சு 'நபான்ன' நாடகம் எழுதின அதே ஆள். பட்டினியை எழுதின கை இதையும் எழுதியிருக்கு. படம் வந்தது பிரிவினை முடிஞ்சு ஆறே வருஷத்தில். சியால்தா ஸ்டேஷன் பிளாட்பாரத்திலேயே அகதிகள் குடித்தனம் நடத்தின காலம். வீடில்லாம ஒரு குடும்பம் வந்து நிக்கிறது அன்னிக்குக் கல்கத்தாவில் யாருக்கும் சிரிப்பான விஷயம் இல்லை. படம் அதைப் பத்திப் பிரசங்கம் பண்ணலை. முகத்தை நேரா வச்சுக்கிட்டு ஜோக் சொல்லுது.

அந்தக் கூட்டத்தில் பானு பந்தோபாத்யாய் இருக்கார். டாக்காவில் பிறந்தவர். படத்திலும் கிழக்கு வங்காள வழக்கில்தான் பேசுவார். 'சாப்பிடுவேன்'னு சொல்லக் கல்கத்தாக்காரர் 'காபோ' என்பார். அந்தப் பக்கத்தவர் 'காமு' என்பார். பெண்ணோட அம்மாகிட்ட மால்புவா வேணும்னு பானு கேட்கிற இடத்தில் அந்தக் 'காமு' வருது. எழுபது வருஷம் தாண்டியும் வங்காளிகளுக்கு மனப்பாடம்.

அந்த இடத்தில் மாஷிமா சிரிச்சாங்க, கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க, துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. 1950-ல் அஞ்சு வயசில் பரிசாலிலிருந்து வந்தவங்களாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைங்க கேலி பண்ணினதால ஒரே வருஷத்தில் பேச்சை மாத்திக்கிட்டாங்களாம். "எங்கம்மா சாகிறவரைக்கும் காமுன்னுதான் சொன்னா. நாங்க அவளைத் திருத்துவோம்" என்றார்.

எனக்குத் தொண்டை அடைச்சுது. திருநெல்வேலியிலிருந்து சென்னைக் காலேஜுக்குப் போன முதல் மாசம், ஹாஸ்டலில் என் 'ஏல'வையும் 'வாரேன்'னையும் கழட்டி வச்சவன் நான். அம்மா போன்ல பேசினா, பக்கத்தில் ஆள் இருந்தா குரலைத் தாழ்த்தினவன். பானு அதே பேச்சைப் பெரிய திரையில், யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்காம, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமப் பேசியிருக்கார். ஊர் சிரிச்சுது, அவரும் ஜெயிச்சார்.

படம் முடிஞ்சதும் மாஷிமா கேட்டாங்க: "மால்புவா சாப்பிடறியா?"

"காமு" என்றேன்.

அவங்க சிரிக்கலை. துளசி சக்ரவர்த்தி மாதிரியே முகத்தை வச்சுக்கிட்டு அடுப்படிக்குப் போனாங்க.

திங்கக்கிழமை ஆபீஸில் வங்காளத்தில்தான் பேசினேன். நாற்காலிகள் திரும்பின. திரும்பட்டும்.