மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். முப்பது வருடங்களுக்கு முன் வகுப்பில் நான் தவறாகச் சொன்ன ஒரு பதிலைத் திருத்த வேண்டியிருக்கிறது.

ஏழாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், நீதிபோதனை. ஜப்பானில் நாகசாகி என்ற ஊரில் 26 பேரைச் சிலுவையில் அறைந்து கொன்ற வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதன்பின் அந்த நாட்டில் இயேசு, மாதா படங்களைத் தரையில் வைத்து மக்களை மிதிக்கச் சொன்னார்கள், மறுத்தவர்களைக் கொன்றார்கள் என்றும் சொன்னேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "டீச்சர், படம்தானே? மிதிச்சுட்டு உயிரோட வீட்டுக்குப் போனா என்ன டீச்சர்?" என்று கேட்டான்.

"கோழைதான் இப்படிக் கேட்பான், உட்கார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த வருடம் முழுவதும் அவன் என் வகுப்பில் வேறு கேள்வி கேட்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு இந்த வரலாற்றை ஆற அமரப் படித்தபோதுதான் உறைத்தது. அவன் கேட்டது கோழையின் கேள்வி இல்லை. அந்த வரலாற்றின் மையமான கேள்வியே அதுதான்.

முதலில் வரலாறு. நம் கடற்கரைக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்தே தொடங்குகிறேன். புனித சவேரியார் 1542இல் கோவாவுக்கு வந்து, அங்கிருந்து முத்துக்குளித்துறைக்கு வந்தார். ஜெபங்களைத் தமிழில் எழுதச் செய்து, மனப்பாடம் பண்ணி, கையில் மணியடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். மணப்பாட்டில் அவர் தங்கியதாகச் சொல்லும் குகையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதே சவேரியார்தான் 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். அவர் அங்கே இருந்தது இரண்டு வருடத்துக்குச் சற்று மேல்தான். ஆனால் அடுத்த ஐம்பது, அறுபது வருடங்களில் ஜப்பானில் கிறிஸ்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர் ஆகிவிட்டார்கள்.

ஆட்சியாளர்களுக்குப் பயம் வந்தது. மதத்தைத் தொடர்ந்து ஸ்பெயின், போர்ச்சுக்கல் படைகளும் வருமோ என்ற பயம். பிரபுக்களும் குடிமக்களும் நமக்கு அடங்காமல் ரோமில் உள்ள ஒருவருக்கு அடங்குவார்களோ என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. அதே காலத்தில் கோவாவில் 1560 முதல் போர்ச்சுக்கீசியரின் சமய விசாரணை மன்றம் மற்றவர்களை வதைத்துக்கொண்டிருந்தது. கிறிஸ்தவர்கள் துன்பப்பட்ட கதையைச் சொல்லும்போது கிறிஸ்தவர்கள் கொடுத்த துன்பத்தை மறைக்கக் கூடாது. வரலாற்று ஆசிரியைக்கு அந்த நேர்மை வேண்டும்.

1597 பிப்ரவரி 5. அவர்களில் 24 பேரின் இடது காதில் ஒரு பகுதியை அறுத்து, கடும் குளிரில் கியோட்டோ பக்கத்திலிருந்து நாகசாகி வரை நடத்திக் கூட்டிவந்து, 26 பேரையும் நிஷிசாகா குன்றில் சிலுவையில் ஏற்றி ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். 20 பேர் ஜப்பானியர். மற்ற ஆறு பேரில் ஒருவர் நம் நாட்டில், மும்பைக்குப் பக்கத்தில் உள்ள வசையில் பிறந்த கொன்சாலோ கார்சியா. மிகச் சிறியவனான லூயிஸ் இபாரகிக்கு 12 வயது. உங்களுக்குப் பாடம் நடத்தியபோது உங்களுக்கிருந்த அதே வயது. பவுல் மிகி என்பவர் சிலுவையிலிருந்தே பேசி, தன்னைக் கொல்பவர்களை மன்னிப்பதாகச் சொன்னார். இவர்களின் தைரியத்தை நான் ஒரு துளிகூடக் குறைத்துச் சொல்லவில்லை.

1614இல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. கோயில்களை இடித்தார்கள், குருக்களை நாடு கடத்தினார்கள். ஒளிந்திருக்கும் குருக்களைக் காட்டிக்கொடுத்தால் வெள்ளிக் காசு பரிசு என்று ஊருக்கு ஊர் பலகை வைத்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்த மடத்தில் பெயர் பதிய வேண்டும். ஐந்து வீட்டுக்கு ஒரு குழு. ஒரு வீட்டில் கிறிஸ்தவர் இருப்பது தெரிந்தால் ஐந்து வீட்டுக்கும் தண்டனை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தைரியமாக நெஞ்சை நிமிர்த்தினால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து சாக வேண்டிவரும்.

1620களின் இறுதியில் நாகசாகிப் பகுதியில் 'ஃபுமியே' வந்தது. 'மிதிக்கும் படம்' என்று பொருள். முதலில் காகிதப் படம், பிறகு மரப்பலகையில் பதித்த உலோகப் படம். வருடப் பிறப்பை ஒட்டி ஊரே வரிசையில் நின்று மிதிக்க வேண்டும். கால் தயங்குகிறதா, முகம் மாறுகிறதா என்று அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் படங்கள் சில இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கால்கள் பட்டுப் பட்டு இயேசுவின் முகம் மழுங்கிப்போயிருக்கிறது.

1644இல் கடைசிக் குருவும் கொல்லப்பட்டார். மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள்?

மிதித்தார்கள். வருடா வருடம் மிதித்தார்கள். மிதித்துவிட்டு வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, பாவத்துக்கு மனம் வருந்தும் ஜெபத்தைச் சொன்னார்கள். நம் பாட்டிமார் 'உத்தம மனஸ்தாப மந்திரம்' என்பார்களே, அந்த வகை ஜெபம். குரு இல்லாத காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் பதிலாக அவர்களுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. திருநாள்களின் கணக்கை வைத்திருக்க ஒருவர். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர். வீடு வீடாகச் செய்தி சொல்ல ஒருவர். நம் ஊர் உபதேசியாரின் வேலையை மூன்றாகப் பிரித்த மாதிரி. ஜெபங்களை வாய்மொழியாகவே தாய் மகளுக்கும் தகப்பன் மகனுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். லத்தீன் சொற்கள் உருமாறின. அர்த்தம் தெரியாமலே சொன்ன சொற்களும் உண்டு. வெள்ளைப் பீங்கானில் செய்த புத்த சமயத்துக் கண்ணோன் சிலை அவர்களுக்கு மாதா ஆனது. வெளியே இருந்து பார்த்தால் புத்த வீடு. உள்ளே மாதா.

இப்போது 1865 மார்ச் 17. தடை இன்னும் நீங்கவில்லை. ஆனால் ஜப்பான் துறைமுகங்களைத் திறந்துவிட்டதால், வெளிநாட்டினருக்காக நாகசாகியில் ஊரா என்ற இடத்தில் ஒரு கோயில் கட்டியிருந்தார்கள். அங்கிருந்த குரு பெர்னார் பெத்திஜான். புதுச்சேரியிலும் கோயம்புத்தூரிலும் பணி செய்த அதே பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவர். உரகாமி கிராமத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்து வாசலில் நின்றார்கள். அவர் அவர்களை உள்ளே அழைத்துப்போய் முழங்காலில் நின்று ஜெபித்தார். ஒரு பெண் அருகில் வந்து, எங்கள் எல்லாருடைய உள்ளமும் உங்கள் உள்ளம் போன்றதே என்று மெல்லச் சொன்னார். சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே என்று கேட்டார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தடை வந்து 251 வருடம். கடைசிக் குரு இறந்து 221 வருடம். குரு இல்லை, கோயில் இல்லை. ஏழு தலைமுறை. பெத்திஜான் முன் நின்றவர்கள் மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள். அந்தத் தாத்தா பாட்டிகள் எல்லாரும் மிதிக்க மறுத்திருந்தால் அன்றைக்கு அந்த வாசலில் யாரும் நின்றிருக்க மாட்டார்கள்.

கதை இங்கே முடியவில்லை. 1867இல் உரகாமி மக்கள் தங்கள் சாவுச் சடங்குக்குப் புத்த மடம் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். இரவோடு இரவாகக் கைது, அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் சிறையில். வதை தாங்காமல் பெரும்பாலோர் மறுதலித்துவிட்டார்கள். தகாகி சென்எமோன் என்பவர் மட்டும் கடைசிவரை அசையவில்லை. நான் அன்றைக்கு நடத்திய பாடப்படி பார்த்தால் ஒரு வீரர், அறுபது கோழைகள். கணக்கு முடிந்தது.

ஆனால் நடந்தது வேறு. மறுதலித்து வீடு வந்தவர்களில் பலருக்கு மனம் ஆறவில்லை. திரும்பவும் அதிகாரிகளிடம் போய், நாங்கள் மறுதலித்ததை வாபஸ் வாங்குகிறோம் என்று சொன்னார்கள். அடி எப்படி வலிக்கும் என்று தெரியாமல் சொன்னவர்கள் இல்லை. தெரிந்தே போனவர்கள். முதல் முறை நிமிர்ந்து நிற்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். விழுந்த பிறகு, ஊரே பார்க்க எழுந்து நிற்பதற்கு இன்னொரு தைரியம் வேண்டும். இதை அன்றைக்கு நான் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

1868க்கும் 1870க்கும் இடையில் உரகாமிக் கிராமமே பெயர்க்கப்பட்டது. 3,000க்கும் மேற்பட்டவர்களைப் பல ஊர்களுக்கு நாடு கடத்தினார்கள். சுவானோ என்ற ஊரில் உறைந்த குளத்தில் இறக்கினார்கள், நிமிர்ந்து நிற்க முடியாத கூண்டில் அடைத்தார்கள். சென்எமோனும் அங்கேதான் இருந்தார். அந்தச் சில வருடங்களில் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மறுபடியும் மறுதலித்தவர்களும் நிறைய உண்டு. வெளிநாடுகளின் எதிர்ப்பு வலுத்து, 1873இல் தடைப் பலகைகளை எடுத்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள்.

திரும்பியவர்கள் செய்த ஒரு காரியம் என் மனதை விட்டுப் போவதில்லை. அவர்களை வருடா வருடம் நிறுத்திப் படத்தை மிதிக்க வைத்த இடம் ஊர்த் தலைவரின் வீடு. வறுமைக்கு நடுவிலும் அந்த இடத்தையே விலைக்கு வாங்கினார்கள். 1895இல் கட்டத் தொடங்கி 1914இல் அங்கே கோயிலைத் திறந்தார்கள். 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டு அதற்குச் சுமார் 500 மீட்டர் அருகில் வெடித்தது. கோயிலும் போனது, பங்கு மக்களில் பெரும்பாலோரும் போனார்கள். 1959இல் அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள்.

மூன்றாவது பெஞ்சுத் தம்பி, நீ இந்தப் பதிவைப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை. உன் கேள்விக்கு என் பதில் இது. மிதிக்காமல் செத்தவர்கள் எதற்காக உயிரைக் கொடுக்கலாம் என்று காட்டினார்கள். மிதித்துவிட்டு வீட்டுக்குப் போய் அழுதவர்கள், அந்த நம்பிக்கையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தார்கள். இவர்களில் யாரையும் கோழை என்று சொல்லும் தகுதி, கையில் சாக்பீஸோடு மின்விசிறிக்குக் கீழே நின்ற எனக்கு இல்லை. உன்னைச் சொல்லும் தகுதி அறவே இல்லை.

அன்று வகுப்பு முன்னால் உன்னை உட்கார வைத்தேன். இன்று எல்லார் முன்னாலும் கேட்கிறேன், மன்னித்துக்கொள். வேறு கேள்வி ஏதாவது மிச்சம் இருந்தால் எழுந்து கேள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்