வணிக மென்பொருள்களில் அறிக்கைக் கருவிகள்: கம்பம் பள்ளத்தாக்கின் கணக்குகளை முன்வைத்து

தரவுத்தளத்தில் சேர்த்து வைத்த விவரங்களை மனிதர் படிக்கத்தக்க பட்டியலாகவும் ரசீதாகவும் மாற்றித் தரும் மென்பொருளே அறிக்கைக் கருவி. கணினி வருவதற்கு முன்பு இந்த வேலையைக் கணக்கப்பிள்ளை செய்தார். போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடையிலோ கம்பத்துத் தரகு மண்டியிலோ நாள்வழியில் எழுதியதைப் பேரேட்டில் ஆள்வாரியாகப் பெயர்த்து எழுதி, மாதக் கடைசியில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒரு தாளில் எடுத்துக் கொடுப்பார். நாள்வழி தரவு, அந்தத் தாள் அறிக்கை. மாணவர்கள் இவ்வளவை நினைவில் வைத்தால் போதும்.

கணினியில் இதற்கெனத் தனி மொழி பிறந்தது 1959-இல். ஐபிஎம் நிறுவனம் தன் 1401 கணினிக்காக உருவாக்கிய ஆர்பிஜி என்ற அந்த மொழியின் பெயரிலேயே 'அறிக்கை நிரல் ஆக்கி' என்ற பொருள் இருக்கிறது. அதே 1401 வகைக் கணினிகளை இந்திய ரயில்வே 1960-களில் வாங்கியது.

சிறு ஊர்களுக்குக் கணினி வந்தது தனியாள் கணினியின் காலத்தில்தான். டிபேஸ், ஃபாக்ஸ்புரோ ஆகியவற்றில் எழுதிய டாஸ் நிரல்களே பரவலாக இருந்தன. பிறகு விஷுவல் பேசிக் வந்தது. கனடாவின் வான்கூவரில் தோன்றிய கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் அதனுடன் சேர்த்தே கொடுக்கப்பட்டதால் உலகெங்கும் பரவியது. 1994-இல் அது சீகேட் வசமானது. 2003-இல் பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ் வாங்கியது. 2008-இல் அந்த நிறுவனமே எஸ்ஏபி கைக்குப் போயிற்று. வீடு மாறும் ஒவ்வொரு தடவையும் உரிம விதி மாறும்; பழைய அறிக்கைக் கோப்பு புதிய பதிப்பில் ஒழுங்காகத் திறக்குமா என்ற கவலையும் கூடவே வரும். 2001-இல் டியோடர் டான்சியு தொடங்கிய ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ், 2004-இல் எக்லிப்ஸ் திட்டமாக வந்த பர்ட் ஆகிய திறமூலக் கருவிகளுக்கு வரவேற்பு கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். மைக்ரோசாஃப்ட்டும் 2004-இல் தன் சொந்தக் கருவியை வெளியிட்டது.

புள்ளி அச்சு இயந்திரம்

விண்டோஸ் வந்த பிறகும் பல கடைகள் டாஸ் நிரலை விடவில்லை. இதைப் பழமைப் பிடிப்பு என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏலக்காய் விற்றவருக்கு ஒரு படி, வாங்கியவருக்கு ஒரு படி, கடைக்கு ஒரு படி என்று கார்பன் வைத்து எடுக்க ஊசி தட்டி அடிக்கும் புள்ளி அச்சு இயந்திரமே வேண்டும். டாஸ் நிரல் வெறும் எழுத்தை அனுப்பினால், இயந்திரம் தன்னிடமுள்ள எழுத்துருவைக் கொண்டு கடகடவென்று அடித்துத் தள்ளும். விண்டோஸ் அறிக்கைக் கருவியோ பக்கம் முழுவதையும் படமாக்கி அனுப்பும். அந்தப் படத்தை இயந்திரம் வரிவரியாகத் தேய்த்து முடிப்பதற்குள் வரிசை வாசலைத் தாண்டிவிடும். எனவே, திரையில் எந்தக் கருவி அழகு என்பதைவிட ஒரு ரசீது எத்தனை நொடியில் கைக்கு வருகிறது என்பதே அங்கு பெரிய கேள்வி.

'தேனி' என்று அச்சிடுவது

தமிழில் ரசீது வேண்டுமென்றால் சிக்கல் வேறு. யூனிகோடில் 'தே' என்ற எழுத்து, முதலில் 'த', பிறகு ஏகாரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் அந்தக் குறியை முன்னால் கொண்டுவந்து வைப்பது எழுத்தை வரையும் மென்பொருளின் பொறுப்பு. அந்தத் திறன் இல்லாத கருவி ஏகாரக் கொம்பைத் தகரத்துக்குப் பின்னால் போட்டுவிடும். பிடிஎஃப் ஆக்கும்போது பழைய திறமூலக் கருவிகள் பலவற்றில் இந்தக் கோளாறு இருந்தது. நம் மாவட்டத்தின் பெயரே சரியான சோதனைச் சொல். தேனி உடையும், போடி உடையும். சின்னமனூரின் 'னூ' பிரிந்து நிற்கும். கொம்பும் சுழியும் இல்லாத கம்பம் மட்டும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும்!

இதற்கு அன்று கையாண்ட வழி பாமினி போன்ற எழுத்துருக்கள். அவற்றில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். 'தேனி' என்பது தரவுத்தளத்தில் என், ஜே, டி, பி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவே பதிவாகும். கொம்பு முதலில் வருவதால் அச்சு பிசகாது. ஆனால் அகர வரிசை கெட்டுவிடும்: தேவி, பேச்சியம்மாள், வேலம்மாள் மூவரும் கொம்பில் தொடங்குவதால் பட்டியலில் ஒரே இடத்தில் கூடிவிடுவார்கள், தங்கம்மாள் தேவியை விட்டு எங்கோ போய்விடுவார். வேறு கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் பட்டியல் முழுவதும் பொருளற்ற ஆங்கிலம்தான்.

கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் யூனிகோடை ஏற்றது 2002-இல் வந்த ஒன்பதாம் பதிப்பிலிருந்து. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பலரும் ஆங்கிலத்திலேயே அறிக்கை எடுத்து முடித்துக்கொண்டார்கள். ஆண்டிபட்டிப் பக்கத்து நூற்பாலைக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் கையில் ஆங்கிலச் சம்பளச் சீட்டு இருந்தால் என்ன ஆகும்? பிடித்தம் எதற்காக, மிகைநேரம் எத்தனை மணி என்பதை வேறு யாராவது படித்துச் சொல்ல வேண்டும். என் மாணவிகளில் சிலர் வீட்டில் அப்படிப் படித்துச் சொன்னவர்கள். நான் பாடம் நடத்தியதைவிட அது அவர்களுக்கு நல்ல ஆங்கிலப் பயிற்சி என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் கூலிக்கணக்கைச் சரிபார்க்க அம்மாவுக்கு மகள் தேவைப்பட்டாள் என்பது வேடிக்கை இல்லை.

வரியும் ஏலமும்

2007 ஜனவரி 1-இல் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரியும், 2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரியும் வந்தபின், அறிக்கையின் வடிவத்தை அரசே வகுத்தது. பெங்களூரில் 1986-இல் தொடங்கிய டாலி போன்ற ஆயத்த மென்பொருள்கள் அந்தப் படிவங்களோடு வந்ததால், தனி நிரல் எழுதிக்கொடுத்த உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை குறைந்தது.

போடியில் ஏலக்காய் ஏலமும் வாய்மொழியிலிருந்து மின்னணு முறைக்கு மாறிவிட்டது. நறுமணப் பொருள் வாரியம் தன் இணையதளத்தில் ஒவ்வோர் ஏலத்துக்கும் வரத்து, விற்பனை அளவு, அதிகபட்ச விலை, சராசரி விலை ஆகியவற்றை வெளியிடுகிறது. கணக்கப்பிள்ளையின் தாளைப் போலவே இதுவும் ஓர் அறிக்கைதான். ஆனால் இதை மலைமேல் இருக்கும் விவசாயியும் கைப்பேசியில் பார்க்கிறார். உலாவியில் தோன்றுவதால் எழுத்தைச் சரியாக அடுக்கும் வேலையை உலாவியே பார்த்துக்கொள்ளும். புதிதாகக் கருவி வாங்குவோர், விற்பவர் காட்டும் வண்ண வரைபடங்களைப் பார்ப்பதற்கு முன், 'தேனி மாவட்டம், போடிநாயக்கனூர்' என்று ஒரு வரி தட்டச்சு செய்து பிடிஎஃப் எடுத்துத் தரச் சொல்லலாம். அதற்கு ஒரு நிமிடம் போதும்.