சாவியும் துடைப்பமும்



வரலாறு என்றதும் மன்னர்களும் போர்க்களங்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால், ஒரு வீட்டின் சாவிகள் யார் யார் கையில் இருந்தன, அவை ஏன் கைமாறின என்று ஆராய்வதும் வரலாறே ஆகும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட வீடு செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியது அன்று. பலர் கூடி எழுதுவதற்கென அமைந்த விக்கி என்னும் மென்பொருள். அங்கே எழுதும் உரிமை யாருக்கு, அழிக்கும் உரிமை யாருக்கு, பிறருக்கு உரிமை வழங்கும் உரிமை யாருக்கு என்னும் மூன்று வினாக்களுக்கு விடை தேடிய கதையையே சொல்லப்போகிறேன்.

இக்கதையில் எனக்கு நாட்டம் பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் சேர்ந்திருந்த சிறு குழு ஒன்று, தன் ஊரின் வரலாற்றைத் தொகுக்க விக்கி ஒன்றை அமைத்தது. நிருவாக உரிமை முழுவதும் ஒருவரிடமே இருந்தது. நல்லவர்; உழைப்பாளி. ஆனால், வேலையை முன்னிட்டு அவர் அயலூர் சென்றார், தொடர்பும் அற்றுப்போயிற்று. அதன்பின், தானியங்கி நிரல்கள் கொண்டுவந்து கொட்டிய விளம்பரக் குப்பை எங்கள் பக்கங்களில் குவியலாயிற்று. ஒன்றைத் துடைத்தால் பத்து முளைத்தது. பக்கத்தைப் பூட்டவோ, குப்பை கொட்டுவோரைத் தடுக்கவோ எங்களில் எவருக்கும் உரிமை இல்லை. பக்கத்தின் பழைய வடிவத்தை மீட்க முடிந்தது. மனம் வெறுத்து விலகிய எழுத்தாளர்களை மீட்க முடியவில்லை. அதிகாரம் ஓரிடத்தில் குவிந்தால் கொடுங்கோன்மை மட்டுமன்று, வெறுமையும் விளையும் என்று அன்று கற்றேன்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1995 மார்ச் 25 அன்று, வார்டு கன்னிங்ஹாம் என்னும் அமெரிக்க நிரலர் முதல் விக்கியை இணையத்தில் வைத்தார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய ஒரு பேருந்தின் பெயரிலிருந்து அச்சொல்லை அவர் எடுத்துக்கொண்டார். அந்த விக்கிக்கு வாயிற்காவலர் இல்லை. வந்தவர் எவரும் எழுதலாம். எழுதியதை எவரும் திருத்தலாம். ஒருவரையொருவர் அறிந்த நிரலர் கூட்டத்துக்கு அந்த நம்பிக்கையே போதுமானதாக இருந்தது.

2001 ஜனவரி 15 அன்று, ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் விக்கிப்பீடியாவைத் தொடங்கினர். அதற்கு முந்தைய ஆண்டு அவர்கள் தொடங்கிய நியூபீடியாவில், ஒரு கட்டுரை ஏழு படிகளில் ஆய்வு செய்யப்பட்ட பிறகே வெளிவரும். வாயில்கள் மிகுந்தமையால் நடை தளர்ந்தது. வாயிலே இல்லாத விக்கியோ ஆறாகப் பெருகிற்று. ஆயினும், ஆறு பெருகினால் கரை வேண்டுமன்றோ? 2002 ஜனவரியில் விக்கிப்பீடியா ஒரு புதிய மென்பொருளுக்கு மாறியது. அதை எழுதியவர் மாக்னஸ் மான்ஸ்கே; ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் அந்நாளில் உயிரியல் மாணவர். உங்களைப் போன்ற ஒரு மாணவர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அவ்வழியில் வளர்ந்து, பின்னர் மீடியாவிக்கி என்று பெயர்பெற்ற மென்பொருளில்தான் நிருவாகி என்னும் பொறுப்பு உருப்பெற்றது.

அதன் அமைப்பைச் சுருங்கச் சொல்கிறேன். திருத்துதல், நீக்குதல், பூட்டுதல், தடைசெய்தல் என ஒவ்வொரு செயலும் தனித்தனி உரிமையாகப் பிரிக்கப்படும். சில உரிமைகளைக் கட்டி ஒரு குழுவுக்கு அளிப்பர். பயனரை அக்குழுவில் சேர்ப்பர். பல குழுக்களில் இருப்பவருக்கு அவற்றின் உரிமைகள் எல்லாம் சேர்ந்து கிட்டும். நிருவாகி பக்கத்தை நீக்கலாம், நீக்கியதை மீட்கலாம், பூட்டலாம், தீங்கு செய்வோரைத் தடுக்கலாம். ஆனால், கட்டுரையில் எது உண்மை என்னும் வழக்கில் அவர் சொல்லுக்குத் தனி எடை கிடையாது. நிருவாகி ஆவது பெரிய காரியம் அன்று என்னும் கருத்தை வேல்சு 2003-ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஆங்கில விக்கிப்பீடியாவின் நிருவாகிகளுக்கு அடையாளச் சின்னமாக அமைந்தது செங்கோல் அன்று, தரை துடைக்கும் துடைப்பம்! 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இதே மென்பொருளில்தான் இயங்குகிறது.

கரையின் தேவையை உலகம் உணர்ந்தது 2005-ஆம் ஆண்டில். ஜான் சீகென்தாலர் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் கென்னடி சகோதரர்களின் கொலையோடு தொடர்புடையவர் எனக் கருதப்பட்டதாக, பெயர் தெரிவிக்காத ஒருவர் பொய்யாக எழுதிவிட்டார். அப்பொய் பல மாதங்கள் நிலைத்து நின்றது. அவ்வாண்டு டிசம்பரில், கணக்கு இல்லாதவர் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதிய பக்கம் தொடங்கும் உரிமை நிறுத்தப்பட்டது. புதியவர்க்கு மட்டும் மூடி, பழகியவர்க்குத் திறந்திருக்கும் அரைப்பூட்டும் அம்மாதமே வந்தது. அங்கே பழகியவர் என்பதற்கு அளவுகோல், கணக்குத் தொடங்கி நான்கு நாளும் பத்துத் திருத்தமும். எத்துணைச் சிறிய தடை! ஆயினும், அவசரக்காரக் குறும்பர் பலரை அதுவே தடுத்துவிடும்.

மற்றொரு கேள்வி எஞ்சியது: காவலரைக் காப்பவர் யார்? விக்கிப்பீடியா கண்ட விடை, கொடுக்கும் கையையும் எடுக்கும் கையையும் பிரிப்பது. அதிகாரி என்னும் குழுவினர் நிருவாகியை அமர்த்தலாம்; ஆனால், தொடக்க காலத்தில் விலக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. அது 2004-இல் தோன்றிய ஸ்டீவர்டுகள் என்னும் சிறு குழுவிடம் இருந்தது. ஸ்டீவர்டு தம் சொந்த விக்கியில் உரிமைகளை மாற்றலாகாது என்பது விதி. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகலாகாது அல்லவா? பயனரின் இணைய முகவரியைப் பார்த்து ஆராயும் உரிமையை ஒரு விக்கியில் ஒருவருக்கு மட்டும் தருவதில்லை. குறைந்தது இருவர் வேண்டும். ஒருவர் செய்வதை மற்றவர் கண்காணிப்பார்.

இக்கட்டுக்கோப்பும் ஒருமுறை ஆட்டம் கண்டது. விக்கிப்பீடியாவின் வழங்கிகளை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை, படம் காட்டும் புதிய கருவி ஒன்றைப் புகுத்தியது. அது தானே இயங்குவதை விரும்பாத ஜெர்மன் விக்கிப்பீடியர்கள் வாக்கெடுத்து மறுத்தனர். 2014 ஆகஸ்டில் நிருவாகி ஒருவர், தளம் முழுமைக்கும் உரிய நிரற்பக்கத்தைத் திருத்தி அக்கருவியை அணைத்தார். அறக்கட்டளையோ, நிருவாகிகளாலும் திறக்க இயலாத மேற்பூட்டு ஒன்றைப் படைத்து அப்பக்கத்துக்கு இட்டது. சினம் மூண்டது, பலநூறு பேர் கண்டனக் கடிதத்தில் கையொப்பமிட்டனர். 2015 நவம்பரில் மேற்பூட்டு மென்பொருளிலிருந்தே அகற்றப்பட்டது.

ஆனால், அந்நிரற்பக்கத்தின் ஆபத்து மெய்யானது. அதில் எழுதுவது படிப்போர் அனைவரின் உலாவியிலும் இயங்கும். ஒரு நிருவாகியின் கடவுச்சொல் களவுபோனாலே போதும். எனவே, 2018-இல் அவ்வுரிமை பொது நிருவாகிகளிடமிருந்து பிரிக்கப்பட்டு, தனியொரு சிறு குழுவுக்கு அளிக்கப்பட்டது. நான்காண்டுக்கு முன் ஆணையால் பூட்ட முயன்று தோற்றதை, உரிமையைப் பிரித்து வழங்கும் ஒழுங்கு அமைதியாகச் சாதித்தது.

இவ்வரலாற்றில் நான் காண்பது ஒன்றே. உரிமைகளைப் பிரித்ததற்குக் காரணம் மனிதரிடம் அவநம்பிக்கை அன்று. ஒருவர் தவறினாலும் மற்றவர் அதைக் காண்பதற்காக ஒவ்வொரு செயலும் பதிவேட்டில் ஏறுகிறது. யார் யாருக்கு எவ்வுரிமை தந்தார் என்பதும் ஏறுகிறது. பிழையைத் திரும்பப் பெறலாம் என்னும் உறுதியே அந்நியரையும் நம்பி எழுதவிடும் துணிவைத் தந்தது.

எங்கள் ஊர் விக்கியைப் பின்னர் மீண்டும் தொடங்கினோம். இம்முறை நிருவாகிகள் மூவர். பழைய எழுத்தாளருள் சிலரே திரும்பி வந்தனர்; அக்குறை இன்னும் தீரவில்லை. நீங்கள் நாளை நண்பரோடு கூடி ஒரு நூலையோ விக்கியையோ தொடங்கினால், முதல் வரியை எழுதுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: சாவி வைத்திருப்பவர் இல்லாத நாளில் கதவைத் திறப்பவர் யார்? அதற்கு விடை கண்டபின் எழுதத் தொடங்குங்கள்.