பாதியான அலைவரிசை

அமெரிக்காவில் போலீஸ், தீயணைப்புத் துறைகளின் வயர்லெஸ் பேச்சை வீட்டில் ஸ்கேனர் வைத்துக் கேட்பது பலருக்குப் பொழுதுபோக்கு. அலைவரிசையில் இடநெருக்கடி வந்ததும், இத்துறைகளின் பல 25 கிலோஹெர்ட்ஸ் சேனல்களை 2013 ஜனவரி 1-க்குள் 12.5 ஆகக் குறுக்கச் சொன்னது எஃப்.சி.சி. எங்கள் வங்கியில் ஒரு கவுண்டரைத் தடுத்து இரண்டாக்குவோமே, அந்த மாதிரி.

இதனால் பழைய ஸ்கேனர்கள் ஊமையாகிவிடவில்லை. குரல் சன்னமானது, அவ்வளவுதான். ஒலியைக் கூட்டிக் கேட்டார்கள்.

கதவைச் சாத்தியது வேறொன்று. டிஜிட்டலுக்கு மாறிய பல துறைகள் பேச்சைச் சங்கேதமாக்கிப் பூட்டின. நியூயார்க் போலீஸ் 2023-இல் ஆரம்பித்தது. திருடன் கேட்கக்கூடாது, சரி. பக்கத்துத் தெருவில் துப்பாக்கிச்சூடு என்றால் குடியிருப்பவனுக்குத் தெரிய வேண்டாமா? பணப்பெட்டகத்துக்கே நாங்கள் இரண்டு பேரிடம் சாவி கொடுக்கிறோம். ஒரே கையில் இருக்கும் சாவி எனக்கு உறுத்துகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?